வராதவர்கள் பட்டியல்

அறுபத்து நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் காது அடைத்துப்போகுமா? ஒருத்தர் அசந்து தூங்கியிருக்கலாம். ஒருத்தர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குப் போயிருக்கலாம். கோபித்துக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போனவர்கள் பத்துப் பேர் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சப் பேர்? ஒரு தலைகூடவா நிமிராது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணின் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்ட்டரில் இருந்தவள் இப்படித்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் பழக்க தோஷத்தில், "ஒரு நிமிஷம்மா, பார்த்துச் சொல்றேன்" என்றது.

பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. திரையில் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே சிவப்பில் ஒரு வரி இருந்தது. அழைக்கப்பட்டார், வரவில்லை, பயண உரிமை முடிந்தது. அதன் கீழே, அழைத்தவர் என்ற இடத்தில், அவளுடைய சொந்தப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள்.

அவளுக்கு விமான கம்பெனி கவுண்ட்டரில் ஒன்பது வருட வேலை. டிக்கெட் மாற்றிக் கொடுப்பது பாதி வேலை, ஒலிபெருக்கியில் பயணிகளைப் பெயர் சொல்லி அழைப்பது மீதி. அந்த இரண்டாவது பாதியால்தான் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வந்தது. சின்னவர்களுக்கு ரேடியோக்கா. அவள் கூப்பிட்டால் செத்தவன்கூட எழுந்து பையைத் தேடுவான் என்று சாமான் ஏற்றுகிறவர்கள் சொல்வார்கள். கேட்காத மாதிரி போய்விடுவாள், ஆனால் அன்று முழுவதும் உள்ளுக்குள் ஒரு விளக்கு எரியும்.

எங்கோ ஒரு மலை வெடித்ததில் மூன்று நாளாக வானம் பழுப்பாக இருந்தது. சாம்பல் முதல் நாள்தான் கனமாக விழுந்தது. மறுநாளே மற்ற கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பறக்க ஆரம்பித்தன. இவர்களுடைய விமானங்கள் மட்டும் தப்பான ஊர்களில் போய் உட்கார்ந்துகொண்டு திரும்பி வர வழி தெரியாமல் கிடந்தன. இங்கே மாட்டிக்கொண்டவர்கள் நூற்று எண்பத்திரண்டு பேர். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் அவர்களுக்கு இடம் கொடுக்காவிட்டால், வேறு கம்பெனியில் டிக்கெட் வாங்கி அனுப்பியாக வேண்டும் என்பது விதி. அந்த எழுபத்திரண்டு மணி நேரம் இன்று மாலை ஆறுக்கு முடிகிறது. இப்போது மணி மூன்றேகால்.

"நேத்து கூப்பிட்டிருக்கோம்மா. ரெண்டு மணியிலருந்து மூணு தடவை கூப்பிட்டோம். நீங்க வரலைன்னு இருக்கு."

"எங்க கூப்பிட்டீங்க?"

சண்டைக்கு வரும் குரல் இல்லை. வழி கேட்கிற மாதிரி கேட்டாள் அந்தப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்துப் பட்டியில் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருந்தது, எடுக்க மறந்துபோனது போல.

"இங்கதான். பெரிய கூடத்துல."

"பெரிய கூடத்துல நாங்க இல்லையேம்மா. நேத்துக் காலையிலேயே எல்லாரையும் பஸ்ல ஏத்தி அந்தப் பக்கம் சாமான் கட்டடத்துக்குக் கொண்டுபோயிட்டாங்களே. பேர் கூப்பிடுற வரைக்கும் அங்கேயே இருங்க, வெளிய போனா வரிசை போயிடும்னாங்க. நாங்களும் இருந்தோம்."

பக்கத்துக் கவுண்ட்டரில் முத்திரை குத்திக்கொண்டிருந்த சின்னவளின் கை நின்றது. அவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான்.

"அப்ப இங்க எப்படி வந்தீங்க?" என்றாள் ரேடியோ.

"காவல்காரர் சட்டையில ரெண்டு பொத்தான் போயிருந்துச்சு. தச்சுக் குடுத்தேன். பத்து நிமிஷம்னு விட்டாரு. எனக்குத் தையல் வேலைதான்." டிக்கெட்டைக் காட்டிச் சொன்னாள், "பொண்ணு நான் போற நாட்டுல இருக்கா. ஒன்பது வயசு. அவங்கப்பா கூட்டிட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்கு அனுமதிக் கடிதம் இப்பத்தான் வந்துச்சு. நாளைக்கு ராத்திரி பன்னெண்டுக்குள்ள அந்த நாட்டுக்குள்ள கால் வைக்கலைன்னா கடிதம் செல்லாது. மறுபடி முதல்லருந்து எழுதிப் போடணும். இன்னும் ரெண்டு வருஷம். அதுக்குள்ள அவளுக்கு என் மூஞ்சியே மறந்துபோயிடும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் ரேடியோ திரையைப் பார்த்தாள். திரையில் அவளுடைய இரண்டு எழுத்துகள் இருந்தன.

"நீங்க இங்கேயே அந்த பெஞ்சுல உட்காருங்க. யார் கேட்டாலும் நான் உட்காரச் சொன்னேன்னு சொல்லுங்க."

தையல்காரி போய் உட்கார்ந்தாள். சின்னவள் நாற்காலியோடு நகர்ந்து வந்து ரகசியமாகக் கேட்டாள். "அக்கா, நேத்து நீங்க அந்த அறுபத்து நாலு பேரையும் படிச்சப்ப யாருமே வரலையா? ஒருத்தர்கூட?"

"ஒருத்தர்கூட."

"உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

தோன்றியது. அதுதான் இப்போது நெஞ்சுக்குள் முள்ளாக நின்றது.

அறிவிப்பு அறை கவுண்ட்டர்களுக்குப் பின்னால் நடைபாதையில், பெரிய கூடத்துக்கு ஏறும் படிக்கட்டின் அடியில் இருந்தது. துணி அலமாரி அகலம்தான் இருக்கும், சன்னல் கிடையாது. மேசையில் ஒரு மைக், ஐந்து கூடங்களுக்கு ஐந்து பொத்தான், பக்கத்தில் பதிவுப் பெட்டி. பொத்தானை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரியும், பேசுவது எல்லாம் தானே பதிவாகும். அழைத்தோமா இல்லையா என்று நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் அந்தப் பதிவுதான் சாட்சி. பத்து நிமிட இடைவெளியில் மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் போடப் பயிற்சி பெற்றவர்கள் அங்கே இரண்டே பேர். இன்னொருவர் தங்கை கல்யாணத்துக்குப் போன இடத்தில், இதே சாம்பலில், இதே கம்பெனியின் விமானத்துக்காகக் காத்துக் கிடந்தார்.

நேற்று மேலாளர் அவளிடம், "இன்னிக்குக் கவுண்ட்டர் வேண்டாம். குரலை வீணாக்காதீங்க. பட்டியல் படிங்க, போதும்" என்றிருந்தார். ஊழியர்கள் வரும் வழி தரைக்குக் கீழே. கூடத்தைப் பார்க்காமலே அவள் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தாள். முதல் பெயரைச் சொன்னபோதே அதைக் கவனித்தாள். கதவுக்கு அடியிலிருந்து அவள் குரலே அவளிடம் திரும்பி வந்தது. தெளிவாக, கணீரென்று, ஒவ்வொரு எழுத்தும் முழுசாக. வழக்கமாக அப்படி வராது. கூட்டம் இருந்தால் துணி, பை, உடம்பு எல்லாம் சேர்ந்து சத்தத்தைக் குடித்துவிடும். நேற்று யாரும் குடிக்கவில்லை.

அவள் என்ன நினைத்தாள்? இன்றைக்குத் தொண்டை நல்ல வாகில் இருக்கிறது என்று நினைத்தாள். சந்தோஷப்பட்டாள். இரண்டாவது சுற்றில் இன்னும் நிறுத்தி, இன்னும் அழகாகப் படித்தாள். செவிடன் காதில் சங்கு ஊதினாலாவது எதிரே ஒரு செவிடன் இருப்பான். அவள் ஊதிய இடத்தில் செவிடன்கூட இல்லை. தன் சங்கைத் தானே கேட்டு ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றரைக்குத் தேநீர் இடைவேளை. சின்னவளிடம் கவுண்ட்டரை ஒப்படைத்துவிட்டு அவள் கீழ்ப்பாதையில் போகாமல் மேலே ஏறினாள். பெரிய கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. பூட்டவில்லை. உள்ளே விளக்குகளில் பாதி அணைந்திருந்தன. நானூறு நாற்காலிகள், எல்லாம் ஒரே திசையைப் பார்த்து. ஒரு நாற்காலிக்கு அடியில் குழந்தையின் காலுறை ஒன்று கிடந்தது. இன்னொன்றின் மேல் கம்பெனிக்காரர்கள் முதல் நாள் கொடுத்த தண்ணீர் பாட்டில், மூடி திறக்கப்படாமல். கண்ணாடிச் சுவருக்கு வெளியே சாம்பல் ஒட்டிய வெளிச்சம், மழை வரும் சாயங்காலம் மாதிரி. ஆனால் மழை வரப்போவதில்லை.

மெதுவாக, தனக்கே கேட்காத அளவில், "வாங்க" என்றாள். கூடம் அதையும் திருப்பிக் கொடுத்தது.

சாமான் கட்டடத்துக்கு வெளியே நடந்து போக ஏழு நிமிடம். வாசலில் காவல்காரர் இவள் கழுத்து அட்டையைப் பார்த்து நகர்ந்தார். சட்டையில் இரண்டு புதுப் பொத்தான்கள், நிறம் கொஞ்சம் மாறி. உள்ளே தகரக் கூரை. மரச் சட்டங்களுக்கும் எடை போடும் மேடைக்கும் நடுவில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்து மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள், படுத்திருந்தார்கள், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண் மேலே போனது. ஒலிபெருக்கி எங்கேயும் இல்லை. இது சரக்கு வைக்கிற இடம். சரக்குக்கு எதற்கு அறிவிப்பு? ஐந்து பொத்தான்களில் இந்த இடத்துக்கு ஒன்று இல்லை என்பது அவளுக்கு ஒன்பது வருடமாகத் தெரியும்.

நடுவில் ஒருவர் பெட்டியைக் குறுக்கே வைத்திருந்தார். "கொஞ்சம் வழி விடுங்க" என்றாள்.

அவ்வளவுதான். சொன்னது மூன்று வார்த்தை. கட்டடம் முழுவதும் ஒரே நொடியில் அடங்கியது. படுத்திருந்தவர்கள் எழுந்தார்கள். பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம் ஒரு மூலையில் தொடங்கி எல்லா மூலைக்கும் பரவியது. ஒரு ஆள் பாஸ்போர்ட்டை நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்தபடி முன்னால் வந்து நின்றான். அவள் முகத்தை அவர்களில் யாரும் முன்பு பார்த்ததில்லை. ஆனால் முதல் நாள் முழுக்கக் கேட்ட குரல் அது.

"எங்க பேரா?" என்றான்.

"இல்ல. இல்லைங்க. நான் சும்மா..."

மரச்சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு வயதான லாரி டிரைவர், மகன் வீட்டுக்குப் போகிறவராம், எழுந்திருக்காமலே சொன்னார். "ரெண்டு நாளா குரலைக் காணோமேன்னு பார்த்துக்கிட்டிருந்தோம். தொண்டை கட்டிக்கிச்சாம்மா?"

சுற்றி நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர்களால் இன்னும் சிரிக்க முடிந்தது. இவர்களில் அறுபத்துச் சொச்சம் பேர் நேற்றே வராதவர்களாகிவிட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. யார் அந்த அறுபத்துச் சொச்சம் பேர் என்பது அவளுக்கும் முகத்தைப் பார்த்துத் தெரியாது. பெயர்கள்தான் தெரியும். அத்தனை பெயரையும் எங்கே நிறுத்தி எங்கே இழுப்பது என்று தெரியும்.

"எப்ப கூப்பிடுவீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

அவள் திரும்பி நடந்தாள்.

கவுண்ட்டருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக நேற்றைய விமானத்தைத் தேடினாள். அறுபத்து நான்கு இருக்கை, இரவு ஒன்பது மணி. அதற்கு நேரே: ரத்து. ரத்து செய்த நேரம், மூன்று முப்பத்தைந்து. அவள் கடைசிச் சுற்றில் கையெழுத்துப் போட்டு இருபது நிமிடம் கழித்து. விமானத்தின் எண் இருக்க வேண்டிய கட்டத்தில் ஒதுக்கப்படவில்லை என்று இருந்தது. முதலிலிருந்தே ஒதுக்கப்படவில்லை. இல்லாத விமானத்துக்கு, இல்லாதவர்களை, இருக்கிறவள் ஒருத்தி அழைத்திருக்கிறாள்.

விதியை மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தாள். இடம் கொடுத்தோம், அழைத்தோம், அவர்தான் வரவில்லை என்றால் கம்பெனியின் கடமை அங்கே முடிகிறது. எவ்வளவு சுத்தமான வேலை. ஒருவரையும் திட்ட வேண்டாம், தள்ள வேண்டாம். பெயரைச் சொன்னால் போதும்.

கைபேசி அதிர்ந்தது. வீட்டுக்காரர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், நாலு மணிக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் கூப்பிடுவார்.

"ரேடியோ நிலையமா? இன்னிக்கு ஒலிபரப்பு எத்தனை மணி வரைக்கும்?"

"தெரியல."

"என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வேலையை நிரந்தரம் ஆக்குற கடிதம் இந்த மாசம் வரும்னு சொன்னேன்ல."

"ஆமா. ஒன்பது வருஷமா இந்த மாசம்தான்."

"வராமப் போனா?"

அந்தப் பக்கம் வேனின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "வராமப் போனா என்ன, நீ வீட்ல உட்கார்ந்து எங்களைக் கூப்பிடு. உன் பையன் எப்படியும் வரப்போறதில்ல. நான் வரேன்." பிறகு, "ஏன், என்ன ஆச்சு?" என்றார்.

"வந்து சொல்றேன்."

அறிவிப்பு அறைக் கதவில் மேலாளர் நின்றிருந்தார். பட்டியலில் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது, தினமும் ஆறு மணி அறிக்கையில் மிச்சம் ஜீரோ என்று வர வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதனால் அவருக்கு முதுகுக்குப் பின்னால் ஜீரோ சார் என்று பெயர். கத்தமாட்டார். ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. பெரிய பட்டியல் படிக்கிற நாளில் தொண்டைக்கு என்று ஒரு மிட்டாய் கொண்டுவந்து தாளின் மேல் வைப்பார். இப்போதும் கையில் தாள்கள், மேலே பச்சைக் காகிதம் சுற்றிய மிட்டாய்.

"நூத்திப் பதினெட்டு பேரும்மா. ஒன்பது மணி ஃபிளைட். நாலே முக்காலுக்கு ஆரம்பிச்சா அஞ்சே முக்காலுக்கு முடிச்சிடலாம். கொஞ்சம் வேகமாப் படிக்கணும்."

"எந்தக் கூடத்துக்கு சார்?"

"வழக்கம்போல பெரிய கூடம்தான்."

"அங்க யாரும் இல்லையே சார்."

அவர் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. நாள் தள்ளி வருவார் என்று நினைத்த விருந்தாளி முன்னாலேயே வந்துவிட்டது போன்ற ஒரு சின்ன அலுப்பு.

"உள்ள வாங்கம்மா" என்றார்.

அறிவிப்பு அறையில் இரண்டு பேர் நின்றால் மூச்சு ஒருவர் மேல் ஒருவருக்குப் படும். அவர் கதவைச் சாத்தினார். தாளை மேசையில் வைத்து, அதன் மேல் மிட்டாயை நேராக்கி வைத்தார்.

"அங்க போனீங்களாக்கும்."

"போனேன்."

"போயிருக்க வேண்டாம். கூப்பிடுறதுதான் நம்ம வேலை. அவங்க எங்க உட்கார்ந்திருக்காங்கன்னு பார்க்கிறது வேற ஆளோட வேலை. அவங்களை அங்க மாத்தினது நான் இல்ல. கூடம் சுத்தம் பண்ணணும்னு நிலையத்துக்காரங்க சொன்னாங்க, மாத்தினாங்க. அதுக்கு ஒரு கடிதம் இருக்கு. நீங்க கூப்பிட்டதுக்கு ஒரு பதிவு இருக்கு. எல்லாருக்கும் ஒரு காகிதம் இருக்கும்மா."

"அவங்களுக்கு?"

அவர் கதவின் பக்கம் பார்த்தார். "பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற அம்மா யாரு?"

சின்னவள் சொல்லியிருக்க மாட்டாள். அவரே பார்த்திருப்பார். அவர் கண்ணில் படாமல் எதுவும் மிச்சம் இருக்காது.

"நேத்துப் பட்டியல்ல உள்ளவங்க. நாளைக்கு ராத்திரிக்குள்ள போகலைன்னா அவங்க கடிதம் செல்லாது. பொண்ணு அங்க இருக்கு."

"பார்த்தேன். பாவம்தான்." உண்மையாகவே சொன்னார், அதுதான் பயமாக இருந்தது. "எட்டு மணிக்கு வேற கம்பெனி ஃபிளைட் ஒண்ணு போகுது. அதுல எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரு. ஒரு சீட்டு கேட்டா குடுப்பாரு. ஒண்ணுதான். அந்த அம்மாவை ஏத்தி விட்டுடலாம். நாளைக்குக் காலையில பொண்ணு முன்னாடி நிப்பாங்க. நீங்க இதைப் படிங்க. நேத்துப் படிச்சதுக்குத் திருத்தம் எதுவும் எழுத வேண்டாம். இந்த மாசக் கடைசியில உங்க கடிதமும் வந்துடும். யாருக்கும் கஷ்டம் இல்ல."

யாருக்கும் என்ற சொல்லுக்குள் நூற்று எண்பத்தோரு பேர் எவ்வளவு இலகுவாக மறைந்துபோனார்கள் என்று அவள் யோசித்தாள்.

"அஞ்சு நிமிஷம் குடுங்க சார். தண்ணி குடிச்சிட்டு வரேன்."

"குடிங்க. நாலே முக்காலுக்கு வரேன்."

அவர் போன பிறகும் அந்த அறையில் அவருடைய மென்மை நின்றது. அவள் உட்கார்ந்தாள். படித்துவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. தையல்காரிக்கு முகம் இருக்கிறது, ஊசி இருக்கிறது, மகள் இருக்கிறாள். மற்றவர்களுக்கு அவளிடம் பெயர் மட்டும்தானே. கண்ணெதிரே நிற்கிற ஒருத்தியைக் கரையேற்றினால் அது பாவத்துக்குப் பரிகாரம் ஆகாதா? நேற்றுவரை இப்படித்தானே எல்லாவற்றையும் கடந்துவந்தாள். எதிரே நிற்கிறவரிடம் இரக்கம், கதவுக்கு அப்பால் இருக்கிறவரிடம் அழகான உச்சரிப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருந்ததால் அவளால் நல்லவளாக இருக்க முடிந்தது.

பாஸ்போர்ட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி நின்ற அந்த ஆள் பட்டியலில் எந்த வரியில் இருக்கிறான்? தொண்டை கட்டிக்கிச்சாம்மா என்று கேட்டவர் எந்த வரி? தெரியாது. தெரியாமல் படித்தால் ஒவ்வொரு வரியும் அவராகத்தான் இருக்கும்.

மேசையின் இழுப்பறையைத் திறந்தாள். திருத்தச் சீட்டுப் புத்தகம் ஒன்று உள்ளே கிடந்தது. அழைத்தவர் தன் அழைப்பில் பிழை என்று தானே எழுதிக் கொடுத்தால் ஒழிய வராதவர் பதிவை யாராலும் நீக்க முடியாது. மேலாளராலும் முடியாது. ஒன்பது வருடத்தில் அதில் ஒரு தாள்கூடக் கிழிக்கப்படவில்லை. பிழையாகப் பெயர் சொல்லாதவள் என்ற பெருமை அவளுக்கு. நேற்றைய நாளை எழுதினாள். பயணிகள் அறுபத்து நான்கு பேர் என்று எழுதினாள். பிழையின் விவரம் என்ற கோட்டில் பேனா சிறிது நின்றது. பிறகு, அழைப்பு ஆளில்லாத கூடத்தில் செய்யப்பட்டது, பயணிகள் வேறு கட்டடத்தில் வைக்கப்பட்டிருந்தனர், எதிரொலி கேட்டும் நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை, என்று எழுதினாள். கடைசிப் பகுதியை யாரும் கேட்கவில்லை. அந்தக் கட்டம் அவ்வளவு பெரிதும் இல்லை. எழுத்தைச் சுருக்கி ஓரத்தில் ஏற்றினாள். இரண்டு எழுத்துக்குப் பதில் முழுக் கையெழுத்துப் போட்டாள்.

கதவைத் திறந்து சின்னவளைக் கூப்பிட்டாள். "இதை இப்பவே கணினியில ஏத்திடு. ஏத்தினதும் ஒரு பிரதி எடுத்து அந்த அம்மா கையில குடு."

சின்னவள் படித்தாள். கடைசி வரியை மறுபடி படித்தாள். "அக்கா, நீங்க போயிடுவீங்கக்கா."

"தெரியும். நீ ஏத்து. என் கையெழுத்துத்தானே, உனக்கு ஒண்ணும் வராது."

"அதுக்காகச் சொல்லலக்கா" என்றாள் சின்னவள். தாளை எடுத்துக்கொண்டு போனாள். பெஞ்சில் தையல்காரி தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். விரல்கள் மட்டும் மடியில் எதையோ தைத்துக்கொண்டிருந்தன. எட்டு மணி விமானத்தின் அந்த ஒற்றை இருக்கை இப்போது அவளுக்குக் கிடைக்குமா என்பது தெரியாது. திருத்தச் சீட்டு கணினியில் ஏறிவிட்டால் அவளும் மற்றவர்களோடு சேர்ந்து ஆறு மணிக்கு வேறு கம்பெனி டிக்கெட்டுக்கு உரிமைக்காரி. ஆறு மணிக்குப் பிறகு யார் கதவைத் திறப்பார்கள், எத்தனை மணிக்கு, அதற்குள் நாளை இரவு வந்துவிடுமா, ஒன்றும் தெரியாது. நல்லது செய்கிறோம் என்ற நிம்மதிகூட ரேடியோவுக்குக் கிடைக்கவில்லை.

நாலே முக்காலுக்கு மேலாளர் வந்தார். சொன்ன நேரத்துக்கு ஒரு நொடி பிந்தவில்லை. மேசையில் தாள்கள் அப்படியே இருந்தன. மிட்டாயின் காகிதம் பிரிக்கப்படவில்லை.

"ஆரம்பிக்கலாமாம்மா?"

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நேரம் போகுது." அவர் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து முதல் தாளை அவள் முன்னால் நகர்த்தினார். முதல் பெயரின் மேல் விரலை வைத்தார். நகம் சுத்தமாக வெட்டியிருந்தது. "இந்த ஒரு மணி நேரம்தான். அப்புறம் வீட்டுக்குப் போகலாம். படிங்க."

அவள் தயங்குகிறாள், தொடங்கி வைத்தால் பழக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அது தப்பான கணக்கும் இல்லை. ஒன்பது வருடமாக விளக்கு எரிந்தால் அவள் வாய் தானே திறக்கும். அவரே கையை நீட்டிப் பெரிய கூடத்தின் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பதிவுப் பெட்டியில் எண்கள் ஓடத் தொடங்கின.

வாய் திறந்தது. முதல் பெயர் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. அழகான பெயர், நடுவில் ஒரு நெடில், இழுத்துச் சொன்னால் கூடம் முழுக்க நிறையும். அதை விழுங்கினாள்.

"இங்க யாரும் இல்ல சார்" என்றாள். கவுண்ட்டர் குரல் இல்லை, மைக் குரலும் இல்லை. சாப்பிட வா என்று மகனை அழைத்து, அவன் வராதபோது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் குரல். "நான் படிக்கமாட்டேன்."

மேலாளரின் விரல் முதல் பெயரின் மேலேயே இருந்தது. சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டே இருந்தது. கதவுக்கு அடியில், நானூறு காலி நாற்காலிகளையும் தாண்டிப் போய்விட்டு, யாரும் இல்ல சார் என்று அவள் குரல் திரும்பி வந்தது.